தோள்பையில் போகும் ரேடியோ: கியூஆர்பி டிரான்சீவர் வாங்குவதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வீட்டில் 100 வாட் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ இருக்கிறது. இனி மலை உச்சி, பூங்கா என்று நடந்துபோய் அங்கிருந்து கியூஆர்பியில், அதாவது குறைந்த திறனில், ஆபரேட் செய்ய வேண்டும். இதுவரை எஸ்எஸ்பியில் (குரலை அனுப்பும் முறை) பேசித்தான் பழக்கம், ஆறு மாதமாக மோர்ஸ் கற்கிறீர்கள், எப்போதாவது எஃப்டி8 (கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை). ஐசி-705, கேஎக்ஸ்2, எஃப்டி-818, ஜி90, டிஎக்ஸ்-500, கியூஎம்எக்ஸ் என்று ஆறு ரேடியோக்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறீர்கள். "இதில் எது? 5 வாட் போதுமா, 10 அல்லது 20 இருந்தால்தான் யாராவது பதில் சொல்வார்களா?"

வாட் கணக்கை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதுதான் எல்லோரையும் அதிகம் பயமுறுத்துகிறது. 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்குவது 13 டெசிபெல் இழப்பு. எதிர்முனையில், சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரின் ஒரு யூனிட் என்பது 6 டெசிபெல். ஆக, உங்கள் 100 வாட் எஸ்9 ஆகக் கேட்ட இடத்தில் 5 வாட் எஸ்7-க்குச் சற்றுக் குறைவாகக் கேட்கும். அவ்வளவுதான். 5-லிருந்து 10-க்குப் போனால் கிடைப்பது 3 டெசிபெல், அதாவது அரை யூனிட். 20-க்குப் போனாலும் மொத்தம் ஒரே ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட்டை ஆன்டெனாக் கம்பியை இரண்டு மீட்டர் உயர்த்திக் கட்டியே பலமுறை பெற்றிருக்கிறேன்.

வாட்டைவிடப் பெரிய எண் நீங்கள் எந்த முறையில் ஆபரேட் செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. எஸ்எஸ்பிக்கு 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போதும். அகலம் பத்தில் ஒன்றானால் உள்ளே வரும் இரைச்சலும் பத்தில் ஒன்றாகிறது: கிட்டத்தட்ட 10 டெசிபெல் லாபம். 5 வாட் மோர்ஸ் எட்டும் இடத்தை எஸ்எஸ்பியில் எட்ட 50 வாட் தேவைப்படும். 2017-இல் வந்த எஃப்டி8 இதையும் தாண்டுகிறது, 2.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்தால், இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே புதைந்திருக்கும் சிக்னலையும் அது படித்துவிடும். கியூஆர்பி என்பதன் வழக்கமான எல்லையும் மோர்ஸுக்கு 5 வாட், எஸ்எஸ்பிக்கு உச்சத்தில் 10 வாட் என்று இரண்டாக நிற்கிறது. ஆறு மாதம் மோர்ஸில் செலவழித்திருக்கிறீர்களே, அதுதான் நீங்கள் இதுவரை வாங்கியதிலேயே சிறந்த ஆம்ப்ளிஃபையர். அதைக் கைவிடாதீர்கள்.

இப்போது, ரேடியோ வாங்கும்போது பெரும்பாலோர் பார்க்கத் தவறும் எண்ணுக்கு வருகிறேன்: கேட்கும்போது அது இழுக்கும் மின்னோட்டம்.

வெளியில் உட்கார்ந்து ஆபரேட் செய்யும்போது நீங்கள் அனுப்பும் நேரம் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மீதி நேரமெல்லாம் கேட்கிறீர்கள், அலைவரிசை தேடுகிறீர்கள், யாராவது அழைக்கிறார்களா என்று காத்திருக்கிறீர்கள். பேட்டரி அங்கேதான் கரைகிறது. எஃப்டி-818 ஒலி வந்துகொண்டிருக்கும்போது 450 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஜி90 அதிகபட்சம் 500 வரை போகும். ஐசி-705 திரை வெளிச்சத்தையும் ஒலி அளவையும் பொறுத்து இவற்றுக்குக் கீழே நிற்கும். கேஎக்ஸ்2 சுமார் 135. டிஎக்ஸ்-500 நூறை ஒட்டி. கியூஎம்எக்ஸ் சுமார் 80. மவுண்டன் டாப்பர் என்று மோர்ஸுக்கு மட்டுமே செய்யப்பட்ட குட்டி ரேடியோ ஒன்று இருக்கிறது. அது வெறும் 20 சொச்சம். நான்கு மணிநேரம் கேட்பதற்கு மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜி90-க்கு 2 ஆம்பியர்-மணி, கேஎக்ஸ்2-க்கு அரை ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல், மவுண்டன் டாப்பருக்கு 0.1-கூட இல்லை. இந்த வித்தியாசத்தைத் தூக்கிக்கொண்டு ஏறப்போவது உங்கள் முதுகு. நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 3 ஆம்பியர்-மணிக்கு ஏறத்தாழ 400 கிராம். கேஎக்ஸ்2 ரேடியோவின் எடையே அவ்வளவுதான்.

இதை நான் கற்றது ஒரு நீண்ட ஏற்றத்தின் முடிவில். மூன்று மணிநேரம் கேட்டும் அழைத்தும் களைத்த பிறகு, கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் என் கால்சைனை (என் நிலையத்தின் அடையாளக் குறியீடு) திருப்பிச் சொன்னார். பதில் சொல்ல மைக்கை அழுத்தினேன். மின்னழுத்தம் சரிந்து ரேடியோ அணைந்துவிட்டது. ரேடியோவில் ஒரு குறையும் இல்லை. கையேட்டில் மின்னோட்டம் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது, நான்தான் அதைப் பெருக்கிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்த ரேடியோவைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுகிறேன்.

இனி உங்கள் பட்டியல்.

எஃப்டி-818-ஐப் பற்றி மரியாதையோடு பேச வேண்டும். 2000-இல் அறிமுகமான எஃப்டி-817 இல்லாவிட்டால் இன்று நாம் பேசும் இந்த வகையே இருந்திருக்காது. 160 மீட்டரிலிருந்து 70 சென்டிமீட்டர் வரை பேண்டுகள் (அலைநீளத்தால் பெயரிட்ட அலைவரிசைப் பகுதிகள்), எல்லா முறைகளும், உள்ளேயே பேட்டரி, முன்னாலும் பின்னாலும் ஆன்டெனா இணைப்பு. ஒரு பெரிய புத்தக அளவுள்ள பெட்டிக்குள் இத்தனையையும் அடைத்தார்கள். 2018-இல் அது 818 ஆகி 6 வாட்டுக்கு உயர்ந்தது. இப்போது தயாரிப்பில் இல்லை, பழையதுதான் கிடைக்கும். மோர்ஸ் கற்கும் உங்களுக்கு அதில் ஒரு சிக்கல்: 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியது, அதற்கும் உள்ளே ஒரே ஒரு இடம்தான். விற்பவர் ஃபில்டர் போட்டிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போடாத ரேடியோவில் நெரிசலான பேண்டில் மோர்ஸ் கேட்பது சந்தைக்கடையில் காதோடு பேசுபவரைக் கேட்பது போல. டியூனர் (ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் கருவி) கிடையாது, பேச்சுக்கு கம்ப்ரஸர் (குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்துப் பலமாக்குவது) கிடையாது, ஸ்பெக்ட்ரம் காட்டும் திரையும் கிடையாது. கம்ப்ரஸர் இல்லாத 5 வாட் எஸ்எஸ்பி உண்மையிலேயே மெலிந்து ஒலிக்கும். மெனுக்கள் ஆழமானவை, பொத்தான்கள் சிறியவை. ஆனால் அடி விழுந்தாலும் உழைக்கும். நல்ல நிலையில் ஒன்று கைக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்; தேடிப்போய் வாங்கவும் சொல்லமாட்டேன்.

ஐசி-705-ஐ டோக்கியோ ஹாம் கண்காட்சியில் 2019-இல் காட்டினார்கள், 2020-இல் விற்பனைக்கு வந்தது. வீட்டு மேசையில் இருக்கும் ரேடியோவைச் சுருக்கி வெளியே எடுத்து வந்தது போன்ற பொருள் இது. 4.3 அங்குலத் தொடுதிரை, அதில் ஓடும் வாட்டர்ஃபால் (எங்கெங்கே சிக்னல் இருக்கிறது என்று காட்டும் படம்), ஜிபிஎஸ், புளூடூத், வைஃபை, குரலைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப அழைக்கும் வசதி, 2 மீட்டரும் 70 சென்டிமீட்டரும். 25 மெகாஹெர்ட்ஸ் வரை ஆன்டெனாவிலிருந்து வருவதை நேரடியாகவே எண்களாக மாற்றிவிடுகிறது. அதற்கு மேல் ஒரு படி கீழே இறக்கி மாற்றுகிறது. கேட்பதற்கு அமைதியான, களைப்பூட்டாத ரிசீவர். இதைச் செய்த நிறுவனத்தின் கைப்பிடி ரேடியோவின் பேட்டரியே இதற்கும் பொருந்துகிறது. கைபேசி சார்ஜரால் ஏற்றலாம். அந்தப் பேட்டரியில் 5 வாட், வெளியிலிருந்து 13.8 வோல்ட் கொடுத்தால் 10 வாட்.

குரலைப் பதிவு செய்து அழைக்கும் வசதியை அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள். காற்றடிக்கும் உச்சியில் ஒரு மணிநேரம் "சிகியூ, சிகியூ" (யாராவது பதில் சொல்லுங்கள் என்னும் அழைப்பு) என்று கத்தினால் தொண்டை என்ன ஆகும் என்று யோசியுங்கள். எஸ்எஸ்பிதான் உங்கள் முக்கிய முறை என்றால் இந்த ஒரு வசதி பெரிய பலம். எஃப்டி8-க்கும் அப்படியே: சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது, ஒரே யூஎஸ்பி கேபிள் போதும்.

குறைகளும் உண்டு. பேட்டரியோடு சுமார் 1.1 கிலோ. டியூனர் உள்ளே இல்லை. வெளியே மாட்டினால் இன்னொரு பெட்டி, இன்னொரு கேபிள். கண்ணாடித் திரையும் திறந்த துளைகளும் மழைக்கு ஆகாது. உச்சி வெயிலில் வண்ணத் திரை மங்கிப்போகும். நிழலைத் தேடி உடம்பைத் திருப்பித் திருப்பி உட்கார வேண்டியிருக்கும். இவ்வளவு செலவு செய்த பொருளைப் பாறைமேல் வைக்கும்போது கை கூசுகிறது என்று பல நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அந்தக் கூச்சம் உண்டு. அது ஒரு குணக்குறைதான், ஏனென்றால் வெளியில் எடுக்கத் தயங்கும் ரேடியோ வெளிக்கான ரேடியோ ஆகாது.

கேஎக்ஸ்2 வேறு மாதிரியான சிந்தனையில் பிறந்தது. 2016-இல் வந்தது. 80 முதல் 10 மீட்டர் வரை, 10 வாட், வெறும் ரேடியோ சுமார் 370 கிராம். ஆன்டெனா டியூனரையும் லித்தியம் பேட்டரியையும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம். மோர்ஸ் பேடிலை (மோர்ஸ் அடிக்கும் விசை) முன்பக்கத்திலேயே திருகிவிடலாம். மைக் மறந்துபோனாலும் பரவாயில்லை, பெட்டியிலேயே ஒன்று இருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்தால் கிடைப்பது என்ன தெரியுமா? ஒரு கையில் ரேடியோ, மறுகையில் கம்பிச் சுருள், வேறொன்றும் இல்லை. கேபிள் குறையும்போது மறதியும் குறைகிறது, உச்சியில் பொருட்களைப் பரப்பி எடுக்கும் பதினைந்து நிமிடமும் மிச்சமாகிறது. மழை வருகிறதா, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கலாம்.

அதன் திரை பழைய பாணி: எண்களும் எழுத்துகளும் மட்டும், வாட்டர்ஃபால் கிடையாது. வெயில் ஏற ஏற அது தெளிவாகத் தெரியும், வெளியில் அதுவே வேண்டியது. வாட்டர்ஃபாலுக்குப் பழகியவர்களுக்கு முதலில் கண்ணைக் கட்டிவிட்டது போலத் தோன்றும்; டயலைத் திருப்பித் தேடும் பழைய பழக்கம் ஒரு வாரத்தில் திரும்பிவிடும். வரும் மோர்ஸை எழுத்தாகக் காட்டும் வசதியும் இருக்கிறது. கற்கும் காலத்தில் அதை அணைத்தே வையுங்கள், காது சோம்பேறியாகிவிடும். 6 மீட்டரும் 2 மீட்டரும் இல்லை. எஃப்டி8-க்கு வெளியே ஒரு சவுண்ட் கார்டு வேண்டும். சிறிய உடம்பு என்பதால் சூடும் சீக்கிரம் ஏறும். எஃப்டி8 தான் அனுப்பும் ஒவ்வொரு 15 வினாடிச் சுற்றிலும் 12.6 வினாடி இடைவிடாமல் முழுத் திறனில் அனுப்புகிறது, பேச்சைப் போல ஏறி இறங்குவதில்லை. 3 வாட், 4 வாட்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். எஃப்டி8-க்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. இந்த எச்சரிக்கை பட்டியலில் உள்ள எல்லாச் சின்ன ரேடியோவுக்கும் பொருந்தும்.

இதன் அண்ணன் கேஎக்ஸ்3-இல் 160-உம் 6 மீட்டரும் சேரும், கூடுதல் திறனும் உண்டு. மேசைக்கும் மலைக்கும் ஒன்றே போதும் என்பவருக்கு அது. வீட்டில் ரேடியோ இருக்கும் உங்களுக்குத் தம்பியே பொருத்தம்.

டிஎக்ஸ்-500-ஐ ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தால் விடமாட்டீர்கள். மூன்று சென்டிமீட்டர் தடிமன், அரைக் கிலோவுக்குச் சற்று மேல், அலுமினிய உடல், தூறலைத் தாங்கும். 10 வாட், 160 முதல் 6 மீட்டர் வரை. கருப்பு வெள்ளைத் திரை ஸ்பெக்ட்ரமும் காட்டும், வெயிலிலும் தெரியும்; இந்த இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். 9 வோல்ட்டிலிருந்து 15 வரை எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும். இத்தனை நல்லது சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: உள்ளே ஸ்பீக்கர் இல்லை, டியூனர் இல்லை, பேட்டரியும் இல்லை. இணைப்புகள் திருகிப் பூட்டும் வட்டப் பல்முனை வகை. கழன்று விழாது, தண்ணீர் புகாது. ஆனால் ஒரு கேபிளை வீட்டில் மறந்துவிட்டால் வழியில் மாற்று கிடைக்காது. எல்லாக் கேபிளையும் ஒரே பையில் நிரந்தரமாகக் கட்டிவைக்கும் ஒழுங்கு உள்ளவருக்கு இது அருமையான ரேடியோ. தூசி, பனி, தூறல் இவைதான் உங்கள் வழக்கமான சூழல் என்றால் இதையே முதலில் வைப்பேன்.

ஜி90. 20 வாட், 160 முதல் 10 மீட்டர் வரை, உள்ளேயே டியூனர், சிறிய வண்ணத் திரை. அந்த டியூனர் உண்மையிலேயே நல்ல டியூனர், கிடைக்கிற கம்பியையெல்லாம் சமாளித்துவிடும். கொடுக்கும் காசுக்கு இவ்வளவு தரும் ரேடியோ பட்டியலில் வேறில்லை. ஆனால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் எடை, கேட்கும்போதே அரை ஆம்பியர், 20 வாட்டில் அனுப்பும்போது பல ஆம்பியர். அதற்கேற்ற பேட்டரியையும் சேர்த்தால் பை மூன்று கிலோவை எட்டிவிடும். வண்டி போகும் பூங்காவுக்கு இது சரியான ரேடியோ. இரண்டு மணிநேர ஏற்றத்துக்கு இல்லை.

கியூஎம்எக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டியலில் அதைக் கடைசியில் எழுதி ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறீர்கள். 2023-இல் கியூஆர்பி லேப்ஸ் வெளியிட்டது. உள்ளங்கை அளவு. அதன் முதல் வடிவம் 80 முதல் 20 மீட்டர் வரை ஐந்து பேண்டுகள். 5 வாட் அளவு. மோர்ஸுக்கும் எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகளுக்கும் செய்யப்பட்டது. எஸ்எஸ்பி பின்னால் மென்பொருள் மேம்படுத்தலில் சேர்ந்தது. சவுண்ட் கார்டு உள்ளேயே உண்டு. கைபேசியோ சிறிய கணினியோ ஒரு யூஎஸ்பி கேபிளில் மாட்டினால் எஃப்டி8 நிலையம் தயார். கிட்டாக (தனித்தனிப் பாகங்களாக) வாங்கி நீங்களே சாலிடர் செய்யலாம், செய்ததாகவும் வாங்கலாம்.

இதில் கவனம் இரண்டு இடத்தில் வேண்டும். ஒன்று, கட்டும்போதே 9 வோல்ட்டுக்கா 12 வோல்ட்டுக்கா என்று முடிவு செய்து டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்ற வேண்டும். அனுப்பும் திறன் மின்னழுத்தத்தோடு சேர்ந்து ஏறும். புதிதாகச் சார்ஜ் ஏறிய நான்கு செல் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 14 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதை அப்படியே இதில் மாட்டினால் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பிஎஸ்170 டிரான்சிஸ்டர்கள் போய்விடக்கூடும். மூன்று செல் லித்தியம் அயான், அல்லது நடுவில் ஒரு ரெகுலேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஆன்டெனா பொருந்தாத நிலையில் முழுத் திறனில் அனுப்பாதீர்கள். அந்தக் குட்டி டிரான்சிஸ்டர்கள் விலை மிகக் குறைந்தவை, மாற்றுவதும் சாத்தியம்தான். ஆனால் உச்சியில் சாலிடர் அயர்ன் இருக்காது.

இவை தவிர, மோர்ஸ் கைவந்த பிறகு கேஎச்1-ஐப் பாருங்கள், 2023-இல் வந்தது. நின்றுகொண்டே, நடந்துகொண்டே கையில் பிடித்து ஆபரேட் செய்ய அமைத்தது, 40 முதல் 15 மீட்டர் வரை ஐந்து பேண்டுகள். டிஆர்யூஎஸ்டிஎக்ஸ் இன்னும் சிறியது, எஸ்எஸ்பியும் தரும். ஆனால் பக்கத்தில் ஒரு பலமான நிலையம் இருந்தால் அதன் ரிசீவர் திணறும்.

ரேடியோவைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு ஆன்டெனாவை விட்டால் பதில் பாதிதான். ரேடியோவின் தலையில் நேராகச் செருகும் ஒரு மீட்டர் சொச்சம் நீளமுள்ள விப் ஆன்டெனாக்களை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். 40 மீட்டர் பேண்டில் 1.2 மீட்டர் கம்பி என்பது அலைநீளத்தில் நூறில் மூன்று பங்கு. அதன் கதிர்வீச்சுத் தடை (திறன் அலையாக வெளியேறுவதைக் குறிக்கும் எண்) அரை ஓம்கூட இல்லை. அதை ரேடியோவோடு பொருத்த வைக்கும் சுருளின் தடை பத்து ஓம் அளவில் இருக்கும், தரையின் இழப்பு அதற்கும் மேல். 5 வாட்டில் நூறில் ஒரு பங்குதான் வானத்துக்குப் போகிறது: 50 மில்லிவாட். மீதி சுருளையும் மண்ணையும் சூடாக்குகிறது. ஆன்டெனா பொருந்துகிறதா என்று அளக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் மட்டும் 1.2 என்று அழகாகக் காட்டும். வாட்டுக்காக 20 வாட் ரேடியோ வாங்கி இந்த ஆன்டெனாவில் மாட்டினால் 200 மில்லிவாட்.

நான் எடுத்துப் போவது முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பி. 40 மீட்டர் பேண்டுக்கு 20 மீட்டர் சொச்சம் மெல்லிய கம்பி, ஒரு முனையில் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர். அதே கம்பி 20, 15, 10 மீட்டரிலும் டியூனர் இல்லாமலேயே ஒத்திசையும். ஒரு முனையை மரக்கிளையிலோ ஆறு மீட்டர் மடக்குக் கழியிலோ ஏற்றிச் சரிவாக இழுத்துக் கட்டினால் போதும். மொத்த எடை ஒரு கைப்பிடி அரிசி அளவு. மரமே இல்லாத மொட்டைப் பாறை உச்சியில், 20 மீட்டர் பேண்டுக்கு ஐந்து மீட்டர் நெட்டுக்குத்துக் கம்பி கழியில் கட்டி, தரையில் அதே நீளத்துக்கு இரண்டு மூன்று ரேடியல் கம்பிகளைப் பரப்பிவிடுவேன். தாழ்ந்த கோணத்தில் கதிர்வீசும், தொலைதூரம் நன்றாகப் போகும்.

இப்படி ஒத்திசையும் கம்பியை எடுத்துப் போகிறவருக்கு உள்டியூனர் கட்டாயமில்லை. பிறகு ஏன் கேஎக்ஸ்2-இல் அதைப் புகழ்ந்தேன் என்று கேட்பீர்கள். கம்பி ஈரமாகும், கிளை வளைத்துவிடும், தரையை ஒட்டித் தொங்கும், 30 மீட்டர் பேண்டில் யாரோ காத்திருப்பார். அந்த நேரங்களில் ஒரு பொத்தான் அழுத்தினால் தீர்ந்துவிடுகிறது என்பது ஒரு நிம்மதி.

ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்ஜி-174 மெல்லியது, சுருட்ட எளிது, ஆனால் 20 மீட்டர் பேண்டில் ஏழு எட்டு மீட்டர் நீளத்திலேயே 1 டெசிபெல் அளவு தின்றுவிடும். மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எடுத்துப் போகாதீர்கள். ஆன்டெனாவின் ஊட்டுமுனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பேட்டரியில் என் சாய்வு நான்கு செல் இரும்பு பாஸ்பேட். அதன் மின்னழுத்தம் 13 வோல்ட்டை ஒட்டி நெடுநேரம் சமமாக நிற்கும். சாதாரண மூன்று செல் லித்தியம் அயான் 12.6-இல் தொடங்கித் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகும், அதோடு சில ரேடியோக்களின் திறனும் இறங்கும். கியூஎம்எக்ஸ் மட்டும் இதற்கு விலக்கு, காரணம் மேலே சொன்னேன். எதுவானாலும் பேட்டரியின் வாயிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். பைக்குள் சாவிக்கொத்தோடு உரசிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்க நேரம் எடுக்காது.

உங்கள் சூழலுக்கு வருகிறேன். நடந்து ஏறுகிறீர்கள். எஸ்எஸ்பியில் தொடங்கி மோர்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். எஃப்டி8 எப்போதாவதுதான். வீட்டில் பெரிய ரேடியோ இருக்கிறது. இந்த நிலையில் உள்டியூனரும் உள்பேட்டரியும் போட்ட கேஎக்ஸ்2 வாங்குங்கள் என்பேன். ஒரே ஒரு கேள்வி என் முடிவை மாற்றும்: 2 மீட்டர் எஃப்எம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? மலை உச்சிகளிலிருந்து ஆபரேட் செய்து புள்ளி சேர்க்கும் சம்மிட்ஸ் ஆன் தி ஏர் திட்டத்தில் உச்சிக்குரிய புள்ளி கிடைக்க நான்கு தொடர்புகள் போதும். கீழே சமவெளியில் நிறைய ஹாம்கள் இருந்தால் உச்சியிலிருந்து 2 மீட்டரில் பத்து நிமிடத்தில் நான்கையும் முடித்துவிடலாம். அதற்கு ஏற்கெனவே ஒரு கைப்பிடி ரேடியோ வைத்திருந்தால் கேஎக்ஸ்2-ஏ. இல்லையென்றால், எஸ்எஸ்பியிலேயே நெடுங்காலம் இருக்கப்போகிறீர்கள் என்றும் தோன்றினால், ஐசி-705 எடையைச் சுமக்கத் தகுந்தது.

செலவு நெருக்கினால் இடைப்பட்ட எதையும் வாங்கி மனக்குறையோடு இருக்க வேண்டாம். கியூஎம்எக்ஸ் கிட்டை வாங்கிக் கட்டுங்கள், ஓராண்டு மோர்ஸில் அதைக் கொண்டு போங்கள். பிறகு பெரியதை வாங்கினாலும் அந்தக் குட்டிப் பெட்டி பையின் மூலையில் மாற்று ரேடியோவாக எப்போதும் இருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் இந்த வாரமே ஒன்று செய்து பார்க்கலாம், செலவில்லை. வீட்டு ரேடியோவின் திறனை 5 வாட்டுக்கு இறக்குங்கள். மாலையில் 14.060 மெகாஹெர்ட்ஸை ஒட்டிக் கேளுங்கள், கியூஆர்பிகாரர்கள் மோர்ஸில் கூடும் இடம் அது. மெதுவாக அனுப்புபவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பதில் சொல்லுங்கள். எஸ்எஸ்பியில் என்றால் நீங்கள் அழைப்பதைவிட, அழைத்துக்கொண்டிருக்கும் பலமான நிலையத்துக்குப் பதில் சொல்வது பலன் தரும். எதிரிலிருப்பவரின் ஆன்டெனா நல்லது என்பதற்கு அந்தப் பலமே சாட்சி. பத்துத் தொடர்புகள் ஆனதும் குறிப்பேட்டைப் பாருங்கள். எத்தனை மோர்ஸில் வந்தன, எத்தனை பேச்சில் வந்தன, எந்த பேண்டில் வந்தன என்று எழுதி அனுப்புங்கள். அதை வைத்து எந்தக் கம்பியை எவ்வளவு நீளம் வெட்டலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.